கடல்குளத்தில் யாரும் இல்லை

பிப்ரவரி 9, திங்கள்

விடிவதற்குள் குளத்துக்குப் போய்விட்டேன். பாறைகளுக்கு நடுவே சுவர் கட்டிக் கடலைக் கொஞ்சம் பிடித்து வைத்த குளம் இது. வீட்டிலிருந்து ஏழு நிமிட நடை. கடல் ஏறும்போது அலை சுவரைத் தாண்டி உள்ளே விழும், பழைய தண்ணீரை அள்ளிக்கொண்டு போகும்.

முக்காலியை வழக்கமான பாறையில் நட்டேன். லென்ஸுக்கு முன்னால் கறுப்புக் கண்ணாடி, நான்கு நிமிடத் திறப்பு. அப்படி எடுத்தால் அசைவது எதுவும் படத்தில் தங்காது. அலை பாலாடை மாதிரிப் படிந்துவிடும், பறவைகள் இருக்காது, நீந்துபவர்கள் அடியோடு காணாமல் போவார்கள். பாறை, சுவர், அதன்மேல் பிடித்து நடக்கக் கட்டிய சங்கிலி, வானம் மட்டும் மிஞ்சும். கடையில் நாள் முழுக்க பாஸ்போர்ட் படத்துக்கு உட்காரும் மூஞ்சிகளைப் பார்த்துச் சலித்தவளுக்கு வேறென்ன வேண்டும்?

இவர் பன்னிரண்டு சுற்று நீந்திவிட்டு வந்தார். தலையைத் துவட்டிக்கொண்டே, "இன்னைக்காவது இறங்குவியா?" என்றார். "நாளைக்கு" என்றேன். ஆறு வருடமாக இதே கேள்வி, இதே பதில்.

மத்தியானம் நூலகத்திலிருந்து கடிதம். கீழ்த்தளக் கூடத்தில் ஒரு மாதம் என் படங்களை மாட்டலாமாம். என் படங்களை! உடனே இவருக்குப் போன் போட்டேன். எங்கோ லிஃப்ட் ரிப்பேரில் இருந்தார். "ஊரையே மேல ஏத்தி விடறவன் நானு. எனக்கு முன்னாடி நீ ஏறிட்டியே!" என்று சிரித்தார்.

பிப்ரவரி 15, ஞாயிறு

ஆயிரத்து இருநூறு படங்களில் இருபத்துநான்கைப் பொறுக்கினேன். கண் பூத்துவிட்டது. இவர் இரண்டு தடவை டீ போட்டுக் கொடுத்தார். எட்டிப் பார்க்க வந்தவரை, "மாட்டின பிறகு பாருங்க" என்று விரட்டிவிட்டேன்.

பிப்ரவரி 17

மழை. போகவில்லை. இவர் போனார்.

மார்ச் 1, ஞாயிறு

கண்காட்சி திறந்தாயிற்று. கூட்டம் பரவாயில்லை. ஒவ்வொரு படத்துக்கும் கீழே தேதியும் நேரமும் என் கையெழுத்தில். குளத்துக் காவலாளி "விசில்"கூட சட்டை இஸ்திரி போட்டுக்கொண்டு வந்திருந்தார். நாள் பூராவும் ஊதிக்கொண்டே இருப்பதால் ஊருக்கெல்லாம் அவர் விசில்தான். சுற்றிப் பார்த்துவிட்டு, "என்னம்மா, குளத்துல ஈ காக்கா இல்ல? காலையில நான் விரட்டி விரட்டித் தொண்டை காயறேன், அந்தக் கூட்டமெல்லாம் எங்க?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள்.

இவர் சிரிக்கவில்லை. ஒவ்வொரு படத்துக்கு முன்னாலும் நின்று தேதியைப் படித்துக்கொண்டிருந்தார். பதினொன்றாவது படத்தருகே ரொம்ப நேரம் நின்றார். நடுச்சுவரில் நான் மாட்டியது. இருப்பதிலேயே நல்ல படம் என்று நினைத்து மாட்டியது.

வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றும்போதுதான் பேசினார். "அந்தத் தேதி உனக்கு ஞாபகம் இருக்கா?"

இல்லை என்றேன். நிஜமாகவே இல்லை.

"அன்னைக்குத்தான் சிப்பி கிழிச்சுது கால்ல. நொண்டிக்கிட்டே ஏறி வந்தேன், உன்னைக் கூப்பிட்டுக்கிட்டே. நீ திரும்பல. கையை மட்டும் தூக்கினே. இருன்னு."

நான்கு நிமிடம்தானே என்றேன். நாக்கில் சனி.

"நாலு நிமிஷம்தான். அப்புறம் நீதான் கட்டுப் போட்டே, நல்லாத்தான் போட்டே. நான் எதுவும் சொல்லல. ஆனா அந்தப் படத்தைப் போய் நடுவுல மாட்டியிருக்கே. பாக்கறவங்கல்லாம் எவ்வளவு நிம்மதியா இருக்குன்னு சொல்லிட்டுப் போறாங்க."

குரலை உயர்த்தவே இல்லை. உயர்த்தியிருந்தால் நானும் கத்தியிருப்பேன், காலையில் சரியாகியிருக்கும்.

மார்ச் 2

பேசவில்லை. நானும்தான்.

மார்ச் 6, வெள்ளி

கடைக்கு லீவு போட்டுவிட்டு ஆயிரத்து இருநூறையும் ஒன்று விடாமல் பெரிதாக்கிப் பார்த்தேன். ஆறு வருடம், தினமும் அதே குளத்தில், என் கண்ணுக்கு முன்னால் நீந்திய மனுஷன். ஒன்றிலாவது ஒரு கை? ஒரு தலை? ஒரு நிழல்?

ஒரு படத்தில் கம்பியில் தொங்கும் பச்சைத் துண்டு இருக்கிறது. அவருடையது. துண்டு அசையவில்லை, அதனால் படத்தில் விழுந்திருக்கிறது. துண்டுக்கு இடம் கொடுத்திருக்கேன், ஆளுக்கு இல்ல. என்ன பொம்பளை நான்?

மார்ச் 8, ஞாயிறு

தங்கை வீட்டுக்குப் போகிறேன் என்றார். டூல்ஸ் பையும் நான்கு சட்டையும். "கோவமெல்லாம் இல்ல. கொஞ்ச நாள் இருந்துட்டு வரேன்." கோபம் இருந்தால் தேவலை. கோபக்காரன் திரும்பி வருவான்.

வாசல்வரை போனேன். என்ன பேசினேன் தெரியுமா? "குடை எடுத்துக்கிட்டீங்களா?"

மார்ச் 9

இரண்டு பேருக்குச் சமைத்துவிட்டேன்.

மார்ச் 11, புதன்

நாத்தனார் போன் செய்தாள். "அண்ணி, அண்ணன் நல்லாத்தான் இருக்கான். ஆனா சாப்பிட்ட தட்டைக் கழுவி வெச்சுட்டு விருந்தாளி மாதிரி உக்காந்திருக்கான். எனக்கு அதான் பயமா இருக்கு."

இன்னொன்றும் சொன்னாள். கடல் தாண்டி ஒரு துறைமுகத்தில் கிரேன் மெக்கானிக் வேலை. போன வருடமே வந்ததுதான். அப்போது என்னைக் கேட்டார். இந்தக் குளத்தை விட்டுட்டு நான் எங்க வர்றது என்று சொன்னேன். சரி, வேண்டாம் என்று விட்டுவிட்டார். இப்போது அவர்களுக்கு மறுபடி எழுதியிருக்கிறாராம். தனியாக.

எனக்கு அவர் வேண்டும். அவ்வளவுதான். வேறு எப்படி எழுதுவது? இந்த வீட்டில் அவர் இருக்க வேண்டும், செருப்பைக் குறுக்கே விட்டுப்போட்டு, நான் தடுக்கித் திட்ட வேண்டும்.

மார்ச் 14, சனி

காலையில் கறுப்புக் கண்ணாடியை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போனேன். அவர் வரவில்லை. பாறை இடுக்கில் தண்ணீர் வற்றிய இடத்தில் ஒரு குட்டி நண்டு, என் நிழலைக் கண்டதும் கல்லுக்கடியில் நுழைந்தது. ஆறு வருடத்தில் இந்தக் குளத்தில் நண்டு பார்த்ததாகவே எனக்கு நினைவில்லை. நண்டுகளும் அசைபவைதானே.

விசில் பக்கத்தில் வந்து நின்றார். ஊதவில்லை. "இப்பல்லாம் சாயங்காலம்தான் வர்றாரும்மா. அஞ்சு மணிக்கு" என்று சொல்லிவிட்டு, யாரும் கேட்காத ஒன்றைச் சொன்னது போல் வேறு பக்கம் பார்த்தார்.

மார்ச் 15, ஞாயிறு

போனேன். நீந்திக்கொண்டிருந்தார். இடது கை கொஞ்சம் அகலமாக விழுகிறது, வலது கை நெருக்கமாக. திரும்பும்போது சுவரைக் காலால் உதைப்பதற்கு முன்னால் ஒரு தடவை தட்டுகிறார், கதவைத் தட்டுவது மாதிரி. இவ்வளவு நாள் தட்டியிருக்கிறார். நான் கவனித்ததே இல்லை.

மேலே வந்தார். கேமராவைக் கையில் வைத்துக்கொண்டு ஒத்திகை பார்த்துவைத்ததைச் சொன்னேன். "அந்தச் சங்கிலிகிட்ட போய்க் கொஞ்ச நேரம் நில்லுங்க. உங்களை எடுக்கறேன். நீங்க மட்டும்."

பச்சைத் துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டார். "நிக்கச் சொன்னா நிப்பேன். ஆனா நின்னாத்தான் நான் உனக்குத் தெரிவேனா?"

அழுதுவிட்டேன். அந்தத் துண்டையே நீட்டினார், முகம் துடைக்க. உப்பு வாசனை. துடைத்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தேன், வாங்கிக்கொண்டு போனார்.

எடுத்திருக்கலாமே. அவர் நீந்தும்போதே எடுத்திருக்கலாமே, சொல்லாம கொள்ளாம. கேமரா கையிலதானடி இருந்துச்சு. பேசத் தெரிஞ்சுது, எடுக்கத் தெரியலையே!

மார்ச் 20

தூக்கம் இல்லை. கடையில் ஒரு கிழவரைப் பார்த்து, "அசையாதீங்கன்னு எத்தனை தடவை சொல்றது?" என்று எரிந்து விழுந்தேன். கை நடுக்கம் அவருக்கு. மன்னிப்புக் கேட்டேன்.

மார்ச் 24, செவ்வாய்

நூலகத்துக்குப் போய்ப் பதினொன்றாவது படத்தைக் கழற்றினேன். நூலகர் அம்மாள், "அந்த இடத்துல வேற என்ன மாட்டறீங்க?" என்று கேட்டாள். ஒன்றுமில்லை, ஆணி மட்டும் இருக்கட்டும் என்றேன். ஒரு மாதிரியாகப் பார்த்தாள். பார்க்கட்டும்.

ஏப்ரல் 2, வியாழன்

இன்று அவர் கடைக்கு வந்தார். வரிசையில் மூன்றாவது ஆளாக, நீலச் சட்டையில், படிவத்தோடு. துறைமுக வேலைக்குப் படம் வேண்டுமாம். வெள்ளைப் பின்னணி, இரண்டு காதும் தெரிய வேண்டும், ஆறு பிரதி.

ஸ்டூலில் உட்கார்ந்தார். எல்லோரிடமும் சொல்வதைச் சொன்னேன். முகவாயைக் கொஞ்சம் இறக்குங்க, தோளை நேரா வைங்க, சிரிக்காதீங்க.

"சிரிக்கல" என்றார்.

லென்ஸைப் பார்க்கச் சொன்னேன். என்னைத்தான் பார்த்தார். இடது புருவத்தில் மூன்று நரைமுடி. காதுக்குக் கீழே ஒரு சின்ன மச்சம். பதினான்கு வருடம் ஒரே வீட்டில் இருந்தவள், ஒரு மச்சத்தைப் புதிதாகப் பார்க்கிறேன். அவர் அசையவே இல்லை. நான்தான் அசைந்துவிட்டேன், இரண்டாவது தடவை எடுக்க வேண்டியிருந்தது.

"ஏன் இங்க வந்தீங்க?" என்று கேட்டேன்.

"வேற கடையில எடுத்தா நீ வருத்தப்படுவேன்னு நெனச்சேன்."

"எப்ப கெளம்பறீங்க?"

"இருபதாம் தேதி."

"போகாதீங்க." மெதுவாகத்தான் சொன்னேன். ஆனால் அவருக்குக் கேட்டது. கம்ப்யூட்டர் திரையில் தன் படத்தைப் பார்த்தார். "படம் நல்லா வந்திருக்கும்மா" என்றார்.

பின்னால் ஒரு பெண் அழுகிற கைக்குழந்தையோடு நின்றாள். தாளில் எட்டுப் படம் வரும். அச்சடித்தேன், வெட்டினேன், உறையில் போட்டேன். வாங்க வந்தவர் கண்ணுக்கு எதிரிலேயே கம்ப்யூட்டரிலிருந்து படத்தை அழித்துவிட வேண்டும் என்பது கடைச் சட்டம். அழித்தேன். அவர் தலையசைத்துவிட்டுப் போனார். கைக்குழந்தையை வாங்கி வெள்ளைத் துணியில் கிடத்தினேன்.

ஷட்டரை இறக்கும்போது முதலாளி கேட்டார்: "ஆறுதானம்மா கேட்டாரு. மிச்சம் ரெண்டை எடுத்து வெச்சுக்கிட்டியா?"

நான் எட்டையும் உறைக்குள் போட்டிருந்தேன்.

ஐயோ. ஐயோ, என் கையே! பழகின கை, யாருக்கும் போடுவது மாதிரி அவருக்கும் போட்டுவிட்டது. குப்பைக்கூடையைத் தரையில் கவிழ்த்துத் தேடினேன். முதலாளி ஷட்டரைப் பாதியில் நிறுத்திவிட்டுக் காத்திருந்தார். வெட்டிப் போட்ட ஓரங்கள்தான் இருந்தன, எல்லாம் வெள்ளை. ஒன்றில் மட்டும் கத்தி கொஞ்சம் உள்ளே வாங்கியிருக்கிறது. நூல் அகலத்துக்கு நீலம். அவருடைய தோள்.

இந்தப் பக்கத்தில் அதை ஒட்டியிருக்கிறேன்.