தரைக்கு அடியில் ஒரு மொட்டை மாடி

என் அருமை அம்மாவுக்கு,

முதலில் சேதியைச் சொல்லிவிடுகிறேன், என்னால் அடக்க முடியவில்லை. நான் வரைந்த படம் தேர்வாகிவிட்டது! ஞாயிற்றுக்கிழமை நியூ டவுனில் கண்காட்சி திறக்கிறார்கள். ஒரு சுவர் முழுக்கத் திரை. விரலால் தள்ளத் தள்ள, பூமிக்குள் மாடி மாடியாக இறங்கிக்கொண்டே போகலாம். மொத்தம் பதினோரு மாடி. உன் முழங்காலுக்கு ஆகாது.

எந்தப் படம் என்று கேட்பாயே? நீ சோபாவில் என் பக்கத்தில் உட்கார்ந்து எட்டிப் பார்த்த அதே படம்தான். வெயில் முற்றிப்போய், பகலில் தெருவில் கால் வைக்க முடியாத கொல்கத்தா. ஜனங்கள் எல்லோரும் தரைக்கு அடியில் குடிபோயிருப்பார்கள். சுரங்கத் தெரு, தண்ணீர்க் குழாய், விளக்கு வரிசை என்று டேப்லெட்டில் ஒவ்வொன்றாகக் காட்டினேன். நீ பொறுமையாகப் பார்த்துவிட்டு ஒன்றே ஒன்று கேட்டாய்.

"எல்லாம் நல்லாத்தான் இருக்கு. வடகம் எங்கடி காயப் போடுவாங்க?"

எனக்குச் சுள்ளென்று வந்தது. எதிர்காலத்தைப் பற்றிப் பேசும்போது வடகமா என்று வெடுக்கென்று சொல்லிவிட்டு எழுந்து போனேன். அதற்குப் பிறகு நீ அந்தப் படத்தைப் பற்றிக் கேட்கவே இல்லை. அடுத்த சித்திரைக்குள் நீயே இல்லை. அன்றைக்கு இரண்டு நிமிஷம் உட்கார்ந்து பதில் சொல்லியிருந்தால் எனக்கு என்ன குறைந்துபோயிருக்கும்?

போன மாதம் கண்காட்சிக்காரர்கள் படத்தைத் திருப்பி அனுப்பினார்கள். அழகாக இருக்கிறது, ஆனால் இங்கே யாரும் வசிப்பதாகத் தெரியவில்லை, இரண்டு வாரத்தில் சரிசெய்து தந்தால் பார்க்கிறோம் என்றார்கள். மூன்று நாள் திரையைப் பார்த்து முழித்தேன். நாலாம் நாள் உன் கேள்வி ஞாபகம் வந்தது.

வரைந்தேன் அம்மா. தரைக்குக் கீழே ஏழாவது தளத்தில் ஒரு மொட்டை மாடி! மேலே ஒரு கண்ணாடி, வழியில் ஒரு கண்ணாடி என்று வைத்து, வெயிலைத் திருப்பித் திருப்பிக் கீழே கொண்டுவந்தேன். அது விழும் இடத்தில் நம் சால்ட் லேக் குடியிருப்பின் மாடியை அப்படியே இறக்கிவைத்தேன். உன் பழைய நூல் புடவை, அதன்மேல் கோணல் மாணலாக வடகம். பக்கத்தில், கீழ்வீட்டு வங்காளி அம்மாள், நம் மிதாலி காக்கிமா காயவைக்கும் பருப்பு வில்லைகள். நீங்கள் இருவரும் உட்காரும் முக்காலிகளைக்கூட விடவில்லை.

அனுப்ப வேண்டிய அன்று காலை காக்கிமாவிடம் காட்டினேன். தன் பருப்பு வில்லைகளைக் கண்டதும் அவருக்கு முகமெல்லாம் சிரிப்பு. பிறகு, வடகத்தை ஒட்டி விரித்துவைத்திருந்த கறுப்புக் குடையைத் தொட்டார்.

"காக் நேய், சாத்தா கேனோ?"

காக்கையே இல்லாத இடத்தில் குடை எதற்கு? நான் யோசிக்கவே இல்லை. வடகம் காய்ந்தால் காக்கையை விரட்டக் கறுப்புக் குடை. நீ வைப்பாய், என் கையும் வைத்துவிட்டது. பூமிக்குள் காக்கை ஏது? அசடு வழிந்துகொண்டே குடையை மட்டும் தனியாக வரைந்திருந்த லேயரை மறைத்தேன். ஒரே தட்டு, போயே போய்விட்டது. மாடி யாரோ வீட்டு மாடி மாதிரி ஆகிவிட்டது.

அப்போதுதான் எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. அமாவாசைக்கு அமாவாசை கைப்பிடிச் சுவரில் சோறு வைத்து, கா கா என்று நான் கூப்பிடுவது உன்னைத்தானே? நாங்கள் எல்லோரும் கீழே போய்விட்டால் நீ எப்படி வருவாய்?

குடையைத் திரும்ப வைத்தேன். வெயில் இறங்கும் வழியை மூடியிருந்த கம்பிவலையை அழித்தேன். மாடி விளிம்பில் ஒரு காக்கையை உட்காரவைத்தேன். தலையைச் சாய்த்து வடகத்தையே பார்க்கிறது, திருட்டுக் காக்கை. சாயங்காலமே பதில் வந்துவிட்டது. படத்தைச் சேர்த்துக்கொள்கிறோம், அந்தக் காக்கையை மட்டும் எடுத்துவிடாதீர்கள் என்று எழுதியிருந்தார்கள். நான் எடுப்பேனா?

இனி எத்தனை மாடி ஆழம் வரைந்தாலும், ஒரு காக்கை இறக்கை விரித்து இறங்கும் அளவுக்கு வழி விட்டுத்தான் வரைவேன். இது சத்தியம். நீ தாராளமாக வா அம்மா. குடையைப் பார்த்து மிரளாதே, அது மற்றக் காக்கைகளுக்கு.

வடகத்துக்குக் காவலிருக்கும் உன் மகள்,
ரேவதி