ஜெயா அண்ணையின் ஒன்பது துண்டுகள்

என் அன்புக்குரிய ஜெயா அண்ணைக்கு,

நீங்கள் பத்திரமாக வீட்டுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டீர்கள். உங்கள் நெற்றி எலும்பின் ஒன்பது துண்டுகளும் இப்போது உங்கள் அக்காவிடம் இருக்கின்றன. நான் இரண்டு கையாலும் கொடுத்தேன், அவர் இரண்டு கையாலும் வாங்கினார். சுவிஸில் சூக்குக்குத் திரும்பி வந்தபின்தான் ஒழுங்காகத் தூங்கினேன்.

சூக்கில் அந்த உணவகத்தில் நான் பாத்திரம் கழுவச் சேர்ந்த முதல் நாள் நினைவிருக்கிறதா? சூப் அடுப்படியில் நின்ற வியட்நாம்காரர் திரும்பி, “தம்பி, தரை வழுக்கும், கவனம்” என்று யாழ்ப்பாணத் தமிழில் சொன்னார். நீங்கள்தான் அவர். எங்கள் தலைமைச் சமையல்காரர் குலம் அண்ணையிடம் பழகிய தமிழ். குலம் அண்ணை உங்கள் வீட்டுப் பெயரைக்கூடச் சும்மா விட்டதில்லை.

“ஜெயா எண்டால் எங்கடை ஊரிலை பொம்பிளைப் பேரெல்லோ?”

“அப்பிடியெண்டால் நல்லம். எங்கடை சனத்திலை காணி, வீடு எல்லாம் பொம்பிளையளுக்குத்தான்,” என்பீர்கள் நீங்கள்.

“எங்களிலையும் அப்பிடித்தான். நாங்கள் அதுக்குச் சீதனம் எண்டு பேர் வச்சிருக்கிறம்.”

நீங்கள் வியட்நாமிலிருந்து படகேறித் தப்பி வந்த சாம் இனத்தவர், சிவனைக் கும்பிடுகிறவர் என்பதெல்லாம் மெல்ல மெல்லத்தான் தெரியவந்தது. விடுமுறை நாட்களில் நான் தமிழ்ப் பத்திரிகைக்குச் செய்தி எழுதுவேன். உங்கள் நின் துவான் மாகாணத்தைப் பற்றி எழுதட்டுமா என்று கேட்டபோதெல்லாம் ஒரே பதில்தான்: “பாக்காமல் எழுதாதை.”

நீங்கள் போனபின் காரியங்களைக் குலம் அண்ணை கையில் எடுத்தார். அன்பினால்தான் பிழை வந்தது. எங்கள் ஆட்களுக்குச் செய்வதுபோலத் தேவாரம் பாடி, தகனம் முடிந்ததும் சாம்பலை றொய்ஸ் ஆற்றில் கரைப்பது என்று முடிவாயிற்று. சிவனைக் கும்பிட்டவருக்கு வேறென்ன முறை இருக்கப்போகிறது என்று நினைத்துவிட்டோம்.

தகனம் நடந்த அன்று உங்கள் அக்காவின் மகள் ஊரிலிருந்து அழைத்து ஆங்கிலத்தில் பேசினார். “மாமாவின் நெற்றி எலும்பை எடுத்துவிட்டீர்களா?” என்றார். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. அவர் பொறுமையாகச் சொன்னார். நெற்றியிலிருந்து ஒன்பது சிறு துண்டுகளை எடுத்து ஒரு பெட்டியில் வைக்கவேண்டும். அம்மாவழிக் குடும்பத்தின் கல் நட்ட காணியில், முன்னே போன எல்லோருடனும் ஒருநாள் அவற்றைச் சேர்க்கவேண்டும். எந்த ஊரில் வாழ்ந்தாலும் ஆணுக்குக் கடைசி இடம் அம்மாவின் இடம்தான். அந்தத் துண்டுகள் இல்லாவிட்டால் அவருக்கு அங்கே இடமில்லை.

இங்கே தகனசாலையில் எரிந்து மிஞ்சும் எலும்பை இயந்திரத்தில் அரைத்தபின்தான் கலசத்தில் போடுவார்கள். இதையெல்லாம் நான் சொன்னதும் குலம் அண்ணை தொலைபேசியைக் கையில் எடுத்தார்.

“தம்பி, நீ காரை எடு. நான் அவங்களோடை கதைக்கிறன்.”

வழியெல்லாம் தொலைபேசியில் அவருடைய சமையலறை ஜெர்மன்தான். “நோட் மாலே! நோட் மாலே!” அரைக்காதே, அரைக்காதே. உதவியாளன் மிளகை அவசரப்பட்டு இயந்திரத்தில் கொட்டும்போது அவர் போடும் அதே சத்தம். மறுமுனையில் இருந்தவர் பார்த்துவிட்டு வருவதாகச் சொல்லிப் போனார். திரும்பி வந்து, இன்னும் ஆறவில்லை, தட்டில்தான் இருக்கிறது என்றார். குலம் அண்ணை காருக்குள்ளேயே விம்மி அழுதார்.

தகனசாலையில் தட்டின் முன் கைபேசியைப் பிடித்தேன். திரையில் உங்கள் அக்கா. அவருடைய விரல் அங்கே நீளும், பக்கத்தில் நின்ற மகள் எங்களுக்கு ஆங்கிலத்தில் சொல்லுவார். குலம் அண்ணை இடுக்கியால் ஒவ்வொன்றாக எடுத்தார். ஒரு முறை அக்கா அதட்டினார். “அது தாடை என்கிறார் அம்மா,” என்றார் மகள்.

“கொம்மாட்டைச் சொல்லு பிள்ளை, இந்த ஆள் உயிரோடை இருக்கேக்கையும் எனக்குத் தாடைதான் தெரிஞ்சது. வாய் ஓயாது.”

நான் ஆங்கிலத்தில் சொல்ல, மகள் அதை மொழிபெயர்த்ததும் அக்கா அழுதுகொண்டே சிரித்தார். மிச்சத்தை ஆற்றில் விடலாமோ என்று குலம் அண்ணை தயங்கித் தயங்கிக் கேட்டார். தாராளமாக விடுங்கள் என்றார் அக்கா. ஆகவே உங்களில் ஒரு பங்கு றொய்ஸ் ஆற்றில் போகிறது. குலம் அண்ணைக்கும் மனம் ஆறிவிட்டது.

இனி நீங்கள் பார்க்கச் சொன்னதைப் பார்த்தவனாக எழுதுகிறேன். சைகோனிலிருந்து ரயில். மூன்று பக்கமும் மலை மழையை மறித்துவிட, வியட்நாமிலேயே மிகவும் காய்ந்த நிலம் அது என்று சொல்லியிருந்தீர்கள். உண்மை. கள்ளி, ஆட்டு மந்தை, திராட்சைப் பந்தல், கடலோரம் உப்பளம்: யாழ்ப்பாணத்தான் ஒருவன் அங்கே இறங்கினால் கொஞ்ச நேரம் குழம்பிப்போவான். உப்பளத்துக்கு அப்பால் காற்றாலைகள், சூரியத் தகடுகள். வெயிலும் காற்றும் அங்கே இப்போது விளைச்சல். கைவிட்டார்கள் என்று நீங்கள் மகிழ்ந்த அணுமின் நிலையத் திட்டத்தை மறுபடி கையில் எடுத்திருக்கிறார்கள். மீன்பிடிக் கிராமங்கள் என்ன சொல்கின்றன என்று முழுதாகக் கேட்டறிய எனக்கு நாள் போதவில்லை.

பான் ராங் நகரத்து நிலையத்துக்கு அருகிலேயே குன்று, அதன்மேல் செங்கல் கோபுரம். வாசலுக்கு மேலே ஆறு கையோடு ஆடுகிறார் சிவன், உள்ளே கல் நந்தி. உங்கள் கடைசி அரசான பாண்டுரங்கா இருந்த மண். அரசு போனபின்னும் ஆண்டுதோறும் உங்கள் காத்தே திருவிழாவுக்குச் சாமியின் உடுப்பை மலையிலிருந்து ரக்லாய் மக்கள்தான் கொண்டுவருகிறார்களாம். ஆபத்துக் காலத்தில் உங்கள் முன்னோர் நம்பி ஒப்படைத்ததை இன்றும் காக்கிறார்கள்.

ஒரு செய்தி உங்களுக்குத் தெரியாது. நின் துவான் என்ற மாகாணம் இப்போது இல்லை. வடக்கே உள்ள கான் ஹோவாவுடன் சேர்த்துவிட்டார்கள். வருத்தப்படுவீர்களா, அல்லது “எங்களுக்கு இது புதுசோ?” என்று சிரிப்பீர்களா?

அக்கா வீட்டுச் சுவரில் நீங்கள் படமாக நிற்கிறீர்கள். சூக் ஏரிக்கரையில், சாம் என்ற உங்கள் இனத்தின் பெயரையே எழுத்துக்கு எழுத்துக் கொண்ட அந்தச் சுவிஸ் ஊரின் பலகைக்குக் கீழே, கம்பளித் தொப்பியோடு. தம்பி நம் ஆட்களின் ஊரில்தான் இருக்கிறான் என்று அதைக் காட்டியே அக்கா உங்கள் அம்மாவை ஆறுதல்படுத்தினாராம்.

சடங்கு நாள் வரும்வரை பெட்டியைக் காத்துவைக்கும் இடத்துக்குப் போகும்போது குடும்பப் பெரியவர் ஒருவர் என்னை மறித்தார். அம்மாவழி ஆட்கள் மட்டும்தான் அதற்கு அப்பால் போகலாம் என்றார். நான் அது சரிதான் என்று பெட்டியை அக்காவிடம் கொடுத்துவிட்டு ஒதுங்கினேன். அக்கா நகரவில்லை. பெரியவரிடம் ஏதோ சொன்னார். அவர் என்னைப் பார்த்தார், பிறகு வழி விட்டார். மகள் என் காதருகே சொன்னார்: “என் தம்பியோடு ஒரே பானையில் சோறு தின்றவன், அவனை வீட்டுக்குக் கூட்டிவந்தவன். எங்கள் அம்மாவுக்கு இவன் கடைசிப் பிள்ளை என்று வைத்துக்கொள்ளுங்கள் என்றார் அம்மா.”

கல் நட்ட காணியில் உங்களைச் சேர்க்கும் சடங்குக்கு நாள் குறித்ததும் அக்கா அழைப்பார். குலம் அண்ணையையும் கூட்டிக்கொண்டு வாறன். கட்டாயம் வாறன் அண்ணை. இனி எனக்கு அது உரிமை.

இப்படிக்கு,
உங்கள் அம்மாவின் கடைசிப் பிள்ளை