ஆட்லிக்கு மிஞ்சிய பாட்டுப் புத்தகம்

ஏப்ரல் 12, ஞாயிறு

விடாத தூறல். ஆராதனை இந்த முறை சபைக்காரர் ஈலையின் வீட்டில். முடிவில் பிஷப் எமானுவேல் எழுந்து, டீக்கன் லீவைக்குக் கண் போய்விட்டது, இனி வேதம் வாசிக்க முடியாது, இரண்டு வாரம் கழித்துத் திருவிருந்தன்று புதிய டீக்கனைத் தேர்ந்தெடுக்கத் திருவுளச்சீட்டு என்றார். சபைக்குச் சம்மதமா என்று ஒவ்வொருவராகக் கேட்டார்கள். நானும் சம்மதம் என்றேன்.

வண்டியில் திரும்பும்போது என் கணவர் ஆட்லி கடிவாளத்தை மடியில் போட்டுவிட்டார். குதிரைதான் தானாக வழி பார்த்து வந்தது.

அவருக்கு வாசிக்கத் தெரியாது. இதை இன்றுதான் முதல்முறையாக எழுதுகிறேன். கல்யாணமாகிப் பதினேழு வருஷம். பிள்ளைகளுக்குக்கூடத் தெரியாது. எழுத்தைப் பார்த்தால் ஓடுகிறது என்பார். சாப்பாட்டு ஜெபத்தை மனப்பாடமாகச் சொல்லிக்கொண்டே சரியான இடத்தில் பக்கத்தைத் திருப்புவார். மாட்டுச் சந்தையில் ஏதாவது தாளை நீட்டினால் கண்ணாடியை மறந்துவிட்டேன் என்பார். அவரிடம் கண்ணாடியே கிடையாது.

ஏப்ரல் 16, வியாழன்

துணி துவைக்கும்போதெல்லாம் கணக்குப் போடுகிறேன். சபையில் கல்யாணமான ஆண்கள் இருபத்தாறு பேர். மூன்று பேராவது சொல்லும் பெயர்தான் சீட்டுக்குப் போகும். ஆட்லி பெயரை மூன்று பேர் சொல்வார்களா? சொல்வார்கள். யார் வீட்டில் பிரச்சினை என்றாலும் இவரைத்தானே கூப்பிடுகிறார்கள். கொஞ்சம் கெட்டவராக இருந்திருக்கக் கூடாதா!

"சீட்டு உங்களுக்கு விழுந்தா முடியாதுன்னு சொல்லிடுங்களேன்" என்று கேட்டுவிட்டேன்.

"ஞானஸ்நானம் எடுத்தப்ப வாக்குக் குடுத்தாச்சே, மாலிண்டா."

எனக்கும் தெரியும். எல்லா ஆண்களும் கொடுக்கிற வாக்குத்தான். சம்பளம் கிடையாது, சாகிறவரை வேலை, மறுக்கவும் முடியாது. தெரிந்தும் கேட்டேன்.

ஏப்ரல் 26, ஞாயிறு

நடந்ததை அப்படியே எழுதிவிடுகிறேன்.

திருவிருந்து, கால் கழுவுதல் எல்லாம் முடிந்து மூன்று மணிக்கு மேல் ஆனது. பக்கத்து அறையில் பிஷப்பும் பிரசங்கியாரும் உட்கார்ந்து கதவைக் கொஞ்சமாகத் திறந்து வைத்தார்கள். ஆண்கள் போய் முடிந்ததும் நாங்கள் வரிசையாகப் போய், கதவு இடுக்கில் ஒரு பெயரை முணுமுணுத்துவிட்டு வந்தோம். அக்கா லோவினா எனக்கு முன்னால்.

நான் "ரோமன்" என்றேன். அக்காவின் கணவர். நன்றாக வாசிப்பார், அதனால் சொன்னேன் என்று எழுதலாம். பொய். எத்தனை பேர் சீட்டில் சேர்கிறார்களோ அத்தனைக்கு ஆட்லி தப்பிக்க வழி கூடும். அதனால் சொன்னேன். கர்த்தருடைய காரியத்தில் போய் மாட்டுச் சந்தைக் கணக்குப் போட்டேன்.

ஐந்து பெயரை வாசித்தார்கள். ரோமன். ஆட்லி. மற்ற மூவர்.

மேஜைமேல் ஐந்து பாட்டுப் புத்தகங்கள், ஒவ்வொன்றுக்கும் ஒரு ரப்பர் வளையம். ஒன்றினுள் சீட்டு, அது யாருக்கு வருகிறதோ அவரே டீக்கன். மூத்தவரிலிருந்து எடுத்தார்கள். ஆட்லிதான் இளையவர். அவர் எடுக்கவில்லை, மிஞ்சியது அவருக்கு வந்தது.

பிஷப் ஒவ்வொன்றாகத் திறந்தார். ரோமன் புத்தகத்தில் ஒன்றுமில்லை. அக்கா மூச்சு விட்டது எனக்குக் கேட்டது. கடைசிவரை போய்... ஆட்லி புத்தகத்தில் சீட்டு இருந்தது.

எல்லாரும் அழுதார்கள், சாவு வீடு மாதிரி. பிஷப் ஆட்லியை எழுப்பி முத்தம் கொடுத்தார். ஆட்லி முகத்தில் இரத்தமே இல்லை. அக்கா என்னைக் கட்டிப் பிடித்தவள் விடவே இல்லை.

ஏப்ரல் 27

பால் கறந்தோம். ஆட்லி ஒரே மாட்டை இரண்டு தடவை கறக்க உட்கார்ந்தார்.

ஏப்ரல் 29, புதன்

"பிஷப்கிட்டச் சொல்லிடலாம்" என்கிறார்.

"சொன்னா? பதவி போகாது, மானந்தான் போகும். பதினேழு வருஷமா ஜெபப் புத்தகத்தப் பார்த்துப் படிக்கிற மாதிரி நடிச்சிருக்கீங்க. டீக்கனே நடிகன்னு சொல்ல மாட்டாங்களா?"

சொல்லியிருக்கக் கூடாது. எழுந்து குதிரை லாயத்துக்குப் போய்விட்டார்.

எந்த ஞாயிறு எந்த அதிகாரம் என்று சபைப் பட்டியலில் இருக்கிறது. மே 10-க்கு நாற்பது வசனம். காலையில் அவர் கறக்கும்போது நான் வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்து படிக்கிறேன். எங்கள் வேதத்தில் முள் முள்ளான பழைய ஜெர்மன் எழுத்து, எனக்கே கண் வலிக்கிறது. அவர் கேட்டுத் திருப்பிச் சொல்கிறார். இன்று பன்னிரண்டு வசனம்.

மே 3, ஞாயிறு

அக்கா ருபார்ப் தண்டு வைத்த இனிப்பு அப்பம் சுட்டு எடுத்துக்கொண்டு தனியாக வந்தாள். தட்டை மேஜையில் வைக்கவே இல்லை, கையிலேயே வைத்துக்கொண்டு நின்றாள்.

"நாந்தான்டி ஆட்லி பேரச் சொன்னேன். ரோமனுக்கு நாலு பேர் முன்னால நின்னா வாந்தி வரும், உனக்குத் தெரியாது. அவர் பேரு சீட்டுக்குப் போயிடும்னு பயம். இன்னொரு ஆள் சேர்ந்தா தப்பிச்சுருவாருன்னு..."

எனக்கு என் குரலையே கேட்ட மாதிரி இருந்தது. நானும் அதைத்தான் செய்தேன் என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. பரவாயில்லக்கா என்று பெருந்தன்மையாகத் தட்டை வாங்கிக்கொண்டேன். எவ்வளவு மோசமானவள் நான்!

மே 9

நாற்பதும் வந்துவிட்டது. மூன்று முறை தப்பில்லாமல் சொன்னார். என்னால்தான் சாப்பிட முடியவில்லை.

மே 10, ஞாயிறு

ஆண்கள் அறைக்கும் பெண்கள் அறைக்கும் நடுவில், நிலைப்படியில் நின்று வாசித்தார். புத்தகத்தைச் சரியான உயரத்தில் பிடித்திருந்தார், கண்ணையும் ஓட்டினார். இருபத்திரண்டு வசனம் வரை ஒரு சொல் பிசகவில்லை. பழைய டீக்கன் லீவை கண்ணை மூடித் தலையாட்டிக்கொண்டிருந்தார்.

அப்போது பின்னால் ஒரு பெஞ்சு சரிந்தது. யாரோ ஒரு குழந்தை வீறிட்டது. அவ்வளவுதான். ஆட்லி நின்றுவிட்டார். பக்கத்தைப் பார்க்கிறார், பார்க்கிறார். ஒன்றும் வரவில்லை. நான் வாயை அசைத்தேன், முன்வரிசைத் தொப்பிகள் மறைத்துவிட்டன. குழந்தையும் அழுகையை நிறுத்திவிட்டது. அவருடைய காது சிவந்ததைப் பார்த்தேன்.

நான் சொல்லிவிட்டேன். இருபத்துமூன்றாம் வசனத்தின் முதல் நாலு சொல்லை, சத்தமாக. ஆராதனையில் பெண் வாயைத் திறந்து நான் பார்த்ததே இல்லை. நூற்றைம்பது தலை என் பக்கம் திரும்பியது.

அவர் அங்கிருந்து பிடித்துக்கொண்டு நாற்பதையும் முடித்தார்.

மதியச் சாப்பாட்டில் யாரும் எதுவும் கேட்கவில்லை. ஊறுகாய்த் தட்டை எனக்கு மூன்று முறை நீட்டினார்கள். லாயத்துப் பக்கம் யாரோ, "நம்ம டீக்கனுக்கு ரெண்டு வாய்" என்றது மட்டும் காதில் விழுந்தது.

மே 12, செவ்வாய்

பிஷப் வருகிறாராம் நாளை. கூடவே பிரசங்கியார் மோசையும். இரண்டு பேராக வந்தால் அது விசாரணை. அடுப்பைத் துடைக்கிறேன், துடைத்ததையே துடைக்கிறேன்.

மே 13

எல்லாம் ஆட்லியே சொன்னார். எழுத்து ஓடுவது, இல்லாத கண்ணாடி, ஜெபப் புத்தகம், எல்லாம். நான் அவர் நாற்காலிக்குப் பின்னால் நின்று அழுதேன்.

பிஷப் காபிக் கோப்பையைத் தள்ளி வைத்தார். "நடிச்சதுக்கு நீங்க ரெண்டு பேரும் சபை முன்னால வருத்தம் சொல்லணும். சபையில பேசுனதுக்கு மாலிண்டா தனியாச் சொல்லணும்."

சரி என்றோம்.

"அப்புறம் ஆட்லி, அடுத்த தடவ உன் பொண்டாட்டிய முதல் பெஞ்சுல உக்காரச் சொல்லு. வாய அசைச்சாப் போதும். சத்தம் வேணாம்."

மோசை காபிக்குள்ளேயே சிரித்துவிட்டார். நான் அப்படியே விறகுப் பெட்டிமேல் உட்கார்ந்துவிட்டேன்.

மே 24, ஞாயிறு

முழங்காலிட்டு வருத்தம் சொன்னோம். மன்னித்தார்கள். இன்று முதல் பெஞ்சு. அவர் வாசிக்கும்போது ஒரே இடத்தில்தான் என்னைப் பார்த்தார்.

ஜூலை 22

எனக்குத் தொண்டை கட்டி ஒரு வாரம். அவருக்கு வசனம் படித்துக் காட்ட ஒரு சொல் வரவில்லை. ஞாயிறு கிட்டே வருகிறது, பாடம் பாதியில் நிற்கிறது.

இன்று காலை ஐந்து மணிக்குத் தொழுவத்தில் ரோமன் அத்தான். அக்கா சொல்லியிருக்க வேண்டும். வேதத்தைத் திறந்து, "எந்த இடம், சகலை?" என்று மட்டும் கேட்டார். மாடுகளுக்கு நடுவில், கவிழ்த்த வாளியில் உட்கார்ந்து, என்ன அழகாக வாசிக்கிறார்!

ஆகஸ்ட் 19

தொண்டை சரியாகிப் பல நாள் ஆகிறது. அத்தான் இன்னும் வருகிறார். தான் வருவதை அவர் யாரிடமும் சொன்னதில்லை. யாரும் அவரை அனுப்பவும் இல்லை.

செப்டம்பர் 30

பிரசங்கியார் மோசை போய்விட்டார். வைக்கோல் வண்டியிலிருந்து இறங்கும்போதே. அடக்கத்துக்கு நானூறு பேர்.

அக்டோபர் 11, ஞாயிறு

எதிர்பார்த்ததுதான். இருபத்தைந்தாம் தேதி திருவிருந்து. புதிய பிரசங்கியாருக்குச் சீட்டு. டீக்கனுக்காவது கையில் புத்தகம் உண்டு. பிரசங்கியார் ஒரு தாள்கூட இல்லாமல் நின்று பேச வேண்டும். அக்காவின் முகம் அன்றைய என் முகம் மாதிரி இருந்தது.

அக்டோபர் 17, சனி

நடந்தே அக்கா வீட்டுக்குப் போனேன். ஆப்பிள் ஜாம் கிண்டிக்கொண்டிருந்தாள்.

"ஏப்ரல்ல நான் அத்தான் பேரச் சொன்னேன்க்கா. நீ சொன்ன அதே காரணத்துக்கு."

கரண்டி நின்றது. "ஆறு மாசமா என்னை அழ விட்டியேடி, திருட்டுக் கழுதை!" என்று அடிக்க ஓங்கியவள் சிரித்துவிட்டாள். சிரிப்பு முடியும்போது இரண்டு பேரும் அழுதுகொண்டிருந்தோம். அடிப்பிடித்த வாசனை வந்துதான் நிறுத்தினோம்.

கிளம்பும்போது சொன்னேன்: "இந்தத் தடவையும் அத்தான் பேரத்தான் சொல்வேன்னு நினைக்கிறேன். கணக்குப் போட்டு இல்ல. தொழுவத்துல அவர் வாசிக்கிறதக் கேட்டுட்டுத்தான்."

அவள் அடுப்புத் தீயைத் தணித்தாள். "எங்கிட்ட ஏன்டி சொல்ற? பயந்து சொல்லாதே. அது போதும்."

அக்டோபர் 25, ஞாயிறு

அதே மாதிரிக் கதவு, அதே இடுக்கு. "ரோமன்" என்றேன்.

மூன்று புத்தகம். அத்தான் முதலில் எடுத்தார். சீட்டு அதில்தான்.

அக்கா என்மேல் சாய்ந்துவிட்டாள். இதை நான் செய்தேனா? பயம் விட்டுவிடும் என்று நினைத்திருந்தேன், விடவில்லை. ஆட்லிதான் எழுந்து போய் அத்தான் பக்கத்தில் உட்கார்ந்தார். கையைப் பிடித்துக்கொண்டார்.

அக்டோபர் 26, திங்கள்

பனி. ஐந்து மணிக்கு அத்தான் தொழுவத்துக்கு வந்தார். கையில் வேதம் இல்லை. முகம் வாந்தி எடுத்தவர் முகம் மாதிரி இருந்தது. பின்னால் லாந்தரோடு அக்கா.

ஆட்லி கவிழ்த்த வாளியை எடுத்து ஓரமாக வைத்தார்.

"நின்னுக்கிட்டே சொல்லு, சகலை. எங்கிருந்து வேணா ஆரம்பி. நடுவுல தடுமாறிட்டா நான் எடுத்துக் குடுக்குறேன், எனக்கு எல்லாம் காதுல இருக்கு."

"இதுங்க முன்னாலயா?"

"பதினோரு மாடு. பாதி தூங்குது. சபையும் அப்படித்தான் இருக்கும்."

அத்தான் தொண்டையைச் செருமினார். நானும் அக்காவும் வைக்கோல் கட்டின்மேல் உட்கார்ந்தோம், முதல் வரிசையில்.