பூட்டிய ஷெட்டில் இறங்கிப்போன பேட்டரி

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுவது. நலம், நலமறிய ஆவல் என்று தொடங்கத்தான் கை போகிறது. ஆனால் இங்கே யாரும் அவ்வளவு நலமாக இல்லை, அதற்குக் காரணமும் நான்தான். உடம்புக்கு ஒன்றுமில்லை, பயந்துவிடாதே. என் பேத்தி குட்டிக்கு இருந்த சளி விட்டுவிட்டது. உன் அப்பா மட்டும் என்னோடு பேச்சை நிறுத்தியிருக்கிறார். சமைத்து மேசையில் வைத்துவிட்டு, சாப்பாடு ஆகிவிட்டது என்று சுவரைப் பார்த்துச் சொல்கிறார். சுவருக்கு வேளாவேளைக்கு நல்ல கவனிப்பு.

போனில் சொல்லாமல் ஏன் கடிதம் என்று கேட்பாய். போன் என்றால் பாதியில் நீ அழுவாய், நான் கத்துவேன், விஷயம் அந்தரத்தில் நிற்கும். இன்னொன்று, உன் வீட்டுக்காரர்மேல் நான் போட்ட பழியை வாயால் போட்டேன். அதைத் திரும்ப எடுப்பதையாவது கையெழுத்துப் போட்டுச் செய்யவேண்டும் என்று தோன்றியது. இதை நீ யாரிடம் வேண்டுமானாலும் காட்டலாம்.

மாப்பிள்ளை ராத்திரியில் காருக்குள் உட்கார்ந்து யாரோடோ பேசிக்கொண்டிருக்கிறார் என்று போன மாதம் உன்னிடம் சொன்னேனே, அது பொய். தெரிந்தே சொன்ன பொய் அல்லதான். ஆனால் தெரிந்துகொள்ளப் பார்க்காமலே சொன்னேன், அது அதைவிடக் கேவலம்.

நடந்ததைச் சொல்கிறேன், சாக்காக எடுத்துக்கொள்ளாதே. காலையில் கார் கிளம்பவில்லை என்று கட்டி இழுத்துக்கொண்டு நம் மெக்கானிக் கடைக்கு வந்தார். பேட்டரி சுத்தமாக இறங்கியிருந்தது. சார்ஜ் போட்டு, லோடு கொடுத்துப் பார்த்தேன், பேட்டரி நன்றாகத்தான் இருந்தது. இன்ஜினை ஓடவிட்டு மீட்டரை வைத்தேன், ஆல்டர்னேட்டரும் ஒழுங்காகச் சார்ஜ் ஏற்றியது. அனுப்பிவிட்டேன். மறுநாள் காலை மறுபடி அதே கதை. அடுத்த முறை வந்தபோது டிரைவர் சீட் பின்னால் தள்ளிச் சாய்த்து விடப்பட்டிருந்தது. எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. பேட்டரியும் சரி, சார்ஜும் சரி என்றால், வண்டியை நிறுத்திவிட்டு யாரோ பாட்டையும் விளக்கையும் போட்டுக்கொண்டு உள்ளே சாய்ந்திருக்கிறார்கள். பெண்டாட்டி வேலைக்காக வெளியூரில். வீட்டுக்குள் பேசமுடியாத பேச்சு வேறு என்ன பேச்சாக இருக்கும்? நானே கேட்டு நானே பதிலும் சொல்லிக்கொண்டேன்.

அன்றைக்கே உனக்குப் போன் போட்டு, கண் காது மூக்கு வைத்துச் சொன்னேன். மனிதன் பொய் சொல்வான், பேட்டரி சொல்லாது என்று ஒரு வசனம் வேறு. உன் அப்பா பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். பேச்சை நிறுத்தும்முன் அவர் என்னிடம் கடைசியாகச் சொன்னது இது: "ஊரார் வண்டின்னா மீட்டரை வெச்சுட்டு முடிவு சொல்லுவ. மாப்பிள்ளை வண்டின்னதும் முடிவை வெச்சுக்கிட்டு மீட்டரை எடுக்கிற." நீங்கள் அடுப்பைப் பாருங்கள் என்று அவரை அடக்கிவிட்டேன்.

ராத்திரியில் பேட்டரி இறங்குகிறது என்று யார் வந்தாலும் நான் என்ன செய்வேன் என்று உனக்கே தெரியும். வண்டியை அணைத்து, நெகட்டிவ் வயரைக் கழற்றி, நடுவில் மீட்டரைக் கோத்து, எல்லாம் அடங்கும்வரை காத்திருப்பேன். அதற்குப் பிறகும் கரண்ட் போய்க்கொண்டே இருந்தால் ஃபியூஸை ஒவ்வொன்றாகப் பிடுங்கி எங்கே கசிகிறது என்று கண்டுபிடிப்பேன். முன்பின் தெரியாதவர் வண்டிக்கெல்லாம் பொறுமையாக இதைச் செய்கிறவள், சொந்த மாப்பிள்ளை வண்டிக்குச் செய்யவில்லை. ஆள்தான் அகப்பட்டுவிட்டாரே, இனி எதற்கு என்று இருந்துவிட்டேன்.

நீ அவரிடம் என்ன சொன்னாயோ, தெரியாது. அவர் போனை நீ எடுப்பதில்லை என்பது தெரியும். இனி அந்த வீட்டில் கால் வைக்கமாட்டேன், லீவில் நேராக உன்னிடம் வருகிறேன், குட்டியை முன்கூட்டியே உன் வீட்டுக்குக் கூட்டி வந்துவிடு என்று எனக்குச் செய்தி அனுப்பினாய். அதே வாரம் அவர் கடைக்கு வந்தார். சண்டைக்குத் தயாராக நின்றேன். அவர் கார் சாவியை என் மேசையில் வைத்தார். "வண்டி உங்ககிட்டயே இருக்கட்டும் அத்தை. நான் பஸ்ல போய்க்கிறேன்" என்றார். குரல்கூட உயரவில்லை. குட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு அவர் நடந்து போனதைப் பார்த்தும் என் மனசு இளகவில்லை. குட்டு வெளிப்பட்டுவிட்டது, அதனால்தான் சாவியைக் கொடுக்கிறார் என்று நினைத்தேன்.

வண்டிக்கு முழுக்கச் சார்ஜ் போட்டு, பின்பக்க ஷெட்டில் விட்டுப் பூட்டினேன். ஷெட் சாவி, கார் சாவி இரண்டும் என் பையில். மறுநாள் காலை இடம் மாற்றி நிறுத்தலாம் என்று சாவியைத் திருகினேன். டிக் என்று ஒரு சத்தம், அதோடு சரி. பேட்டரி இறங்கிப்போயிருந்தது. பூட்டிய ஷெட்டுக்குள், யாரும் உட்காராத காரில்.

பிறகு பானட்டைத் திறந்து ஆல்டர்னேட்டரில் கை வைத்தேன். ராத்திரி முழுக்க ஓடாத வண்டி. இன்ஜின் ஜில்லென்று இருக்க, அது மட்டும் வெதுவெதுவென்று இருந்தது. பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றி, மீட்டரைக் கோத்து, அன்றே செய்திருக்கவேண்டியதைச் செய்தேன். ஃபியூஸ் எல்லாவற்றையும் பிடுங்கியும் கசிவு நிற்கவில்லை. ஆல்டர்னேட்டரிலிருந்து பேட்டரிக்குப் போகிற தடித்த வயரைக் கழற்றினேன், நின்றுவிட்டது. உள்ளே கரண்ட்டைத் திரும்பி வரவிடாமல் தடுக்கிற டயோடு ஒன்று கெட்டிருக்கிறது. ஓடும்போது சார்ஜ் ஏற்றும், வண்டி நின்றதும் ஏற்றியதைத் தானே குடித்துவிடும். அந்த ஆல்டர்னேட்டரைப் போட்டது யார் என்று நினைக்கிறாய்? நான்தான். பழசு ஒன்றைப் பிரித்துச் சரிசெய்து, நீ கிளம்பிப் போன சமயத்தில் நானே மாட்டிக்கொடுத்தது.

அன்று மாலை மாப்பிள்ளை வீட்டுக்குப் போனேன். உட்காரச் சொல்லித் தண்ணீர் கொடுத்தார். நாலு வார்த்தை திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். அந்தச் சாய்த்த சீட்டைப் பற்றியும் கேட்டேன். பள்ளியிலிருந்து வரும் வழியில் குட்டி தூங்கிவிடுகிறாளாம். தூக்கினால் விழித்துக்கொண்டு உன்னைக் கேட்டு அழுகிறாளாம். அதனால் வாசலில் வண்டியை நிறுத்தி, எல்லாவற்றையும் அணைத்துவிட்டு, சீட்டைச் சாய்த்து அவளை நெஞ்சில் போட்டுக்கொண்டு, தானாக விழிக்கும்வரை அப்படியே இருப்பாராம். இதை முன்னாலேயே சொல்லக்கூடாதா என்று கேட்டேன். கேட்கிற யோக்கியதை எனக்கு இல்லை, ஆனாலும் கேட்டேன்.

"கேட்டிருந்தா சொல்லியிருப்பேன் அத்தை. நீங்க ரெண்டு பேரும் கேக்கல, சொன்னீங்க" என்றார்.

பூசி மெழுகாமல் இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். அன்று உனக்குப் போன் போட்டபோது எனக்கு வருத்தம் மட்டும் இருக்கவில்லை, உள்ளுக்குள் ஒரு திருப்தியும் இருந்தது. நீயாகப் பார்த்துக் கட்டிக்கொண்ட மாப்பிள்ளை, நான் வேண்டாம் என்றேன், பார்த்தாயா என்று. டயோடு யார் போட்டாலும் கெடும். அந்தத் திருப்தியை நினைத்தால்தான் கண்ணாடியில் முகம் பார்க்கப் பிடிக்கவில்லை.

புது ஆல்டர்னேட்டர் போட்டுவிட்டேன். சில நாள் காலையில் நானே போய்த் திருகிப் பார்த்தேன், ஒரே திருகலில் கிளம்பியது. வண்டியை வீட்டுக்கே கொண்டுபோய்க் கொடுத்தேன். உங்கள் மகள் முதலில் பேசட்டும், வண்டியை அப்புறம் பார்க்கலாம் என்று மரியாதையாகத் திருப்பி அனுப்பிவிட்டார். பஸ்ஸில்தான் போய்வருகிறார்கள். குட்டி பஸ்ஸில் தூங்குவதில்லையாம்.

என் வீட்டுக்கு எப்போது வேண்டுமானாலும் வா என்று எந்தத் தாயும் சொல்வாள். நானும் சொல்வேன். ஆனால் இந்த லீவுக்கு இங்கே வராதே, உன் வீட்டுக்குப் போ. என்னோடு நீ பேசாவிட்டாலும் பரவாயில்லை. பேசாதவர்களோடு இருந்து பழக உன் அப்பா எனக்குப் பயிற்சி கொடுத்துக்கொண்டிருக்கிறார். இதைப் படித்ததும் முதல் போனை உன் வீட்டுக்காரருக்குப் போடு. எதையும் சொல்லாதே, எப்படி இருக்கீங்க என்று கேள்.

கார் சாவியை அவர் வைத்த இடத்திலேயே திரும்ப வைத்திருக்கிறேன். மேசையைத் துடைக்கும்போதுகூட அதைச் சுற்றித்தான் துடைக்கிறேன். என் கையால் கொடுத்தால் வாங்கமாட்டார். நீ வந்து இறங்கும் அன்று உன்னை அழைத்துப்போகக் காரில் வரச் சொல்லு. நீ சொன்னால் வந்து எடுத்துக்கொள்வார்.

நீங்கள் மூன்று பேரும் நன்றாக இருக்கவேண்டும்.

தலைகுனிந்து,
உன் அம்மா