அடித்துவிட்ட மூன்று அளவுகள்

நாள் 212, 06.10
நிலவுத் தென்முனைத் தளம், விசையாழி அறை. இரண்டாம் தாங்கி, அதாவது சுழலும் தண்டைத் தாங்கும் பேரிங்: எண்ணெய் வெப்பம் 45 டிகிரி, தண்டின் ஆட்டம் 38 மைக்ரான். எல்லாம் விதிப்படி. இந்த ஒரே எந்திரத்தின் மின்சாரத்தில்தான் தளத்தின் காற்று சுத்தமாகிறது. மூச்சுவிட ஒன்பது பேர் இருக்கிறோம். தலைமையகம் பார்க்கும் பதிவேடு வேறு. இது என் சொந்த நோட்டு, கண்டெடுப்பவருக்கு.

நாள் 212, 11.40
வேகத்தைக் கூட்டியதும் ஆட்டம் 94. குறைத்துப் பார்த்தேன், அடங்கவில்லை. 150 தொட்டால் தண்டு உலோகத்தில் உரசி ஒட்டிக்கொள்ளும். பிறகு எந்திரம் சுற்றாது. மின்கலம் ஐந்து மணி நேரம் தாங்கும். அவ்வளவுதான்.

நாள் 212, 12.15
ஆட்டம் 112. காரணம் எனக்குத் தெரியும். தெரியாததுபோல் காலையிலிருந்து சுற்றிச் சுற்றி வருகிறேன், வெட்கங்கெட்ட ஜென்மம்.

தண்டு எண்ணெய்ப் படலத்தின்மேல் மிதந்து சுற்றுகிறது. அந்தப் படலம் எவ்வளவு விறைப்பாகத் தாங்குகிறது, அதிர்வை எவ்வளவு அடக்குகிறது என்று அளந்தவள் நான். நிலவில் தண்டுக்கு ஆறில் ஒரு பங்கு எடைதான். குளிர்ந்த எண்ணெயில் மூன்று அளவுகள் மைனஸில் வந்தன. அதாவது படலம் அதிர்வை அடக்காமல் தூண்டிவிடுகிறது. உணர்கருவியின் கோளாறு என்று மூன்றையும் பதிவிலிருந்து அடித்துவிட்டேன். மறுபடி அளக்க இரண்டு வாரம் ஆகும். தளத் திறப்பு விழாவுக்கு ஒன்பது நாள்தான் இருந்தது. மிச்ச அளவுகளை வைத்து 45 டிகிரி என்று விதி எழுதினேன்.

நாள் 212, 12.50
ஆட்டம் 121. இங்கே எந்திரத்தைப் பார்த்துக்கொண்டவர் சவரிமுத்து. தூத்துக்குடிக்காரர், கப்பல் எந்திர அறையில் முப்பது வருடம். எண்ணெய்த் தொட்டியில் கம்பிச்சுருள் சுற்றி 62 டிகிரியில் ஓட்டினார். விதி 45. நான் சுருளைக் கழற்றச் சொன்ன அன்றே தாங்கி அதிர்ந்தது; அன்று வேகத்தைக் குறைத்ததும் அடங்கிவிட்டது. அறிக்கையில் "காரணம்: சவரிமுத்து எண்ணெயைச் சூடாக்கியது" என்று எழுதினேன். முந்தாநாள் அவரைப் பூமிக்குத் திருப்பி அனுப்பினார்கள். சுருளையும் சாட்சியாக அதே விண்கலத்தில் ஏற்றினேன்.

நாள் 212, 13.20
ஆட்டம் 133. வேறு வழியில்லை. விண்கலத்துக்குத் தொடர்பு போட்டு அவரையே கேட்டேன். பதில்:

"மேடம், குளிர்தண்ணி வால்வ அடச்சிப் போடுங்க. எண்ணெ தன்னால சூடேறும். அறுவத்திரெண்டு வந்தா தண்டு அடங்கிரும். பயப்படாதிய."

வால்வை அடைத்தேன்.

நாள் 212, 14.05
வெப்பம் 52, ஆட்டம் 144. தரை கிடுகிடுக்கிறது. எழுத்து கோணுகிறது. மீண்டும் அவர்:

"எம் பேர்ல என்னமோ எழுதியிருக்குன்னு இங்க சொல்லுதாவ. நெசந்தானா மேடம்?"

"வெப்பம் 52" என்று மட்டும் அனுப்பினேன். அந்த அறிக்கை இருக்கும்வரை அவருக்கு இனி எந்தக் கப்பலிலும் வேலை கிடையாது. தெரிந்தேதான் அனுப்பினேன்.

நாள் 212, 14.50
59. ஆட்டம் 147லிருந்து 120.

நாள் 212, 15.10
62. ஆட்டம் 33. தண்டு பூனைபோல் சுற்றுகிறது. நான் தரையில் உட்கார்ந்து அழுதேன். அவருடைய அழைப்பு விளக்கு மினுக்கிக்கொண்டே இருந்தது. எடுக்கவில்லை.

நாள் 213, 07.00
ஆட்டம் 31. தளத் தலைவர் ஹமீதா அக்கா ஒலிபெருக்கியில் எல்லாருக்கும் கேட்கச் சொன்னார்:

"செண்பகம், கலக்கிட்டடி! அந்தாளு பண்ணின கோளாற நீ சரி பண்ணிட்டேன்னு தலைமையகத்துக்குச் சொல்லியாச்சு. இனிமே எல்லாத் தளத்துலயும் அறுபத்திரண்டுதான் விதியாம். அதுக்கு உன் பேரையே வைக்கிறாங்க."

ஒன்பது பேரில் எட்டுப் பேர் கை தட்டினார்கள். எண்ணெயைச் சூடாக்கியதே குற்றம் என்று நான் எழுதியது யாருக்கும் நினைவில்லை. "நன்றிக்கா" என்றேன்.

நாள் 213, 07.40
முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தாயிற்று. இந்த நோட்டைத் தாங்கியின் வெளி உறைக்குள் வைத்துத் திருகப்போகிறேன். அடுத்த முறை அதைத் திறப்பது பதினோரு வருடம் கழித்து. என் வாயால் சொல்ல எனக்குத் துணிச்சல் இல்லை.

திறப்பவரே, சவரிமுத்துவைத் தேடிப்பிடித்து இதைக் காட்டுங்கள். இதை எழுதும் இன்று அவருக்கு வயது அறுபத்தேழு.