பானட்டின் இடது பாதி

என் மேஜை விளிம்பில் ஒரு முழ நீளத்துக்கு நீல நிற மாஸ்கிங் டேப் ஒட்டிக்கிடக்கிறது. இன்று காலை என் காரின் பானட்டிலிருந்து உரித்தது. அதன் மேல் பாலிஷ் பசை காய்ந்து வெள்ளைப் பொடியாகப் படிந்திருக்கிறது. முகர்ந்தால் மண்ணெண்ணெயும் சாக்பீஸும் கலந்ததுபோல ஒரு வாசனை. உனக்கு அது பிடிக்கும். எனக்கு அது எப்போதுமே தோற்றுப்போன வாசனை. இறந்துபோனவர்களுக்கு எழுதும்போது நல்லதாக நாலு வார்த்தை எழுத வேண்டும் என்பார்கள். உன்மேல் எனக்கு இருந்த பொறாமை நீ உயிரோடு இருந்தபோது ஒளித்துவைத்த விஷயம் அல்ல. நீ போய்விட்டாய் என்பதற்காக அதை இப்போது ஒளித்துவைக்கத் தெரியவில்லை.

ஒரே பத்திரிகையில் வேலை பார்த்த காலத்திலேயே இது தொடங்கிவிட்டது. நான் செய்தியாளன், நீ புகைப்படக்காரன். நான் திருவொற்றியூரிலிருந்து புறப்பட்டு, கல்மண்டபத்தில் உன்னை ஏற்றிக்கொண்டு, துறைமுகத்துக்கோ எண்ணூருக்கோ போவேன். வழியெல்லாம் நீ இடது சீட்டில் தூங்குவாய். நான் பத்துப் பேரிடம் பேசி, சொன்னதைச் சரிபார்த்து, சரிபார்த்ததை மறுபடி கேட்டு எழுதுவேன். நீ ஓரமாக நின்று டீ குடித்துவிட்டு, கிளம்பும் நேரத்தில் ஒரு படம் எடுப்பாய்.

சாத்தாங்காடு இரும்பு மார்க்கெட்டில் சுமை தூக்குபவர்களைப் பற்றி ஒரு முழுப் பக்கம் செய்தோமே, நினைவிருக்கும். சில மாதம் கழித்து வேறு வேலையாக அங்கே ஒரு கடைக்குள் நுழைந்தோம். கல்லாவுக்கு மேலே சுவரில் நம் பக்கத்தை ஒட்டியிருந்தார்கள். நம் பக்கம் என்று சொல்லக்கூடாது, உன் படம். சுற்றியிருந்த எழுத்தைக் கத்தரிக்கோலால் வெட்டி எடுத்துவிட்டிருந்தார்கள். கத்தரி கோணிக்கொண்ட ஓர் இடத்தில் மட்டும் என் முதல் வரியின் கடைசி இரண்டு சொற்கள் மீந்திருந்தன. நீ கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுக் கிட்டப் போய்ப் பார்த்தாய்.

"மாமு, உன்னுதுகூட கொஞ்சம் கீது பாரு."

கடைக்காரர் சிரித்தார். நானும் சிரித்தேன். வீட்டுக்கு வந்து அந்தப் பக்கத்தை எடுத்து முழுதாக ஒரு தரம் படித்தேன். நன்றாகத்தான் எழுதியிருந்தேன்.

ஓய்வு பெற்ற பிறகு, உனக்குத் தெரியாத ஒரு வேலையில் நான் கொஞ்சம் கெட்டிக்காரனாக இருக்கலாம் என்று நினைத்தேன். என் கறுப்புக் கார் கருவாடுபோல் ஆகியிருந்தது. கடல் உப்பும் அனல் மின் நிலையத்துச் சாம்பலும் மாதக்கணக்கில் படிய, தெருவில் விடியற்காலையில் துடைப்பவர் காய்ந்த துணியால் தேய்த்துத் தேய்த்து, வெயிலில் பார்த்தால் பானட் முழுக்கச் சிலந்திவலை மாதிரி நுண்ணிய கீறல்கள். கையால் பாலிஷ் போட்டால் போகாது, ஆர்பிட்டல் மெஷின் வேண்டும் என்று படித்துத் தெரிந்துகொண்டவன் நான். வாங்கியவனும் நான். உன் வீட்டுப் பக்கவாட்டில் தகரக் கொட்டகை இருந்தது, என் குடியிருப்பில் நிழல் இல்லை. அந்த ஒரே காரணத்தால் மெஷின் உன் வீட்டுக்கு வந்தது.

மாத்தூரில் கார் பாலிஷ் கடை வைத்திருக்கும் பாபு ஒரு நாள் மதியம் நம் இருவருக்கும் சொல்லிக்கொடுத்தான். இந்த மெஷினின் அடியில் ஒட்டும் பஞ்சுப் பேட் சுற்றிக்கொண்டே பக்கவாட்டிலும் ஆடும். அதனால் ஒரே இடத்தில் சூடேறிப் பெயின்ட் எரிந்துபோகும் ஆபத்து குறைவு. ஆனால் மேலே அழுத்தினால் சுற்றுவதை நிறுத்திவிட்டு வெறுமனே நடுங்கும். சத்தம் அப்படியே இருப்பதால் சுற்றுவதாகவே நமக்குத் தோன்றும். அதற்காகப் பேட் ஒட்டும் தட்டின் விளிம்பில் மார்க்கர் பேனாவால் ஒரு கோடு போட்டுக் கொடுத்தான். கோடு கண்ணுக்குத் தெரிந்தால் பேட் நின்றுவிட்டது என்று அர்த்தம். "சார், மெஷின் வெயிட்டே போதும். நீங்க கூடப் போனா போதும்" என்றான். நான் எல்லாவற்றையும் குறித்துக்கொண்டேன். நீ கடை வாசலில் நின்ற வண்டிகளின் கதவுகளைக் குனிந்து குனிந்து பார்த்துக்கொண்டிருந்தாய்.

அந்த முதல் ஞாயிற்றுக்கிழமை. பாலிஷுக்கு முன்னால் பெயின்ட்டில் பதிந்திருக்கும் இரும்புத் தூளை எடுக்க வேண்டும் என்று பாபு கொடுத்த மருந்தை அடித்தோம். இரும்பு இருக்கும் இடமெல்லாம் ஊதாவாகிக் கரைந்து வழியும் என்று சொல்லியிருந்தான். நாம் ஏதோ அங்கங்கே புள்ளி தெரியும் என்று எதிர்பார்த்தோம். கார் முழுவதும் ஊதா நிறத்தில் ஒழுகியது. உன் மனைவி ஃபிலோமினா வாசலுக்கு வந்து பார்த்துவிட்டு, "ஐய, கலீஜு. இன்னாத்த கொன்னீங்க ரெண்டு பேரும்?" என்றாள். நீ, "சாத்தாங்காட்டு இரும்பு பூரா மாமு வண்டிலதான் கீது, எடைக்குப் போட்டா வூடு கட்லாம்" என்றாய்.

பிறகு பானட்டின் நடுவில் மேலிருந்து கீழாக டேப் ஒட்டினோம். பாலிஷ் கடைக்காரர்களின் வழக்கம் அது. ஒரு பாதியை மட்டும் போட்டு, போடாத பாதியோடு ஒப்பிட்டுக் காட்டுவார்கள். நாம் அதைப் போட்டியாக மாற்றினோம். இடது பாதி உனக்கு, ஸ்டியரிங்குக்கு நேரே இருக்கும் வலது பாதி எனக்கு. மற்ற இடங்களில் இருவரும் மாறி மாறிச் செய்தோம். அங்கே எது யார் வேலை என்று யாராலும் சொல்ல முடியாது. பானட்டில் சொல்ல முடிந்தது. அதுதான் என் துரதிர்ஷ்டம்.

நான் விதிப்படி செய்தேன். பேடில் பட்டாணி அளவுக்குப் பசை வைத்து, குறைந்த வேகத்தில் பரப்பி, பிறகு வேகம் கூட்டி, முதலில் நீளவாக்கில், அடுத்து குறுக்குவாக்கில். ஆனால் கீறல் போகாத இடத்தில் கை தானாக அழுந்தியது. நீ உன் முறைக்குக் காத்துக்கொண்டு படிக்கட்டில் உட்கார்ந்திருந்தாய்.

"மாமு, கோடு நிக்குது பாரு."

"சுத்துது."

"நிக்குது நைனா. அது இன்னா ஸ்டேஷன்ல குந்தவெச்ச கைதியா, அமுக்கி அமுக்கிக் கேக்கற? உட்டுடு, தானா சொல்லும்."

உன் முறை வந்தபோது நீ மெஷினை நகர்த்திய வேகத்தைப் பார்த்து எனக்குத் தூக்கம் வந்தது. ஒரு கைக்குட்டை அகல இடத்துக்கு அத்தனை நேரம். அடிக்கடி நிறுத்திவிட்டு, தாடை பானட்டில் படும் அளவுக்குக் குனிந்து, தெருமுனையிலிருந்து வரும் வெளிச்சத்தை அதன்மேல் சாய்த்துப் பார்த்தாய். பசை இன்னும் வேலை செய்யும் என்று எனக்குத் தோன்றும் இடத்தில், போதும் என்று துடைத்துவிட்டாய். டேப்பை உரித்தோம்.

தீர்ப்பு சொன்னது கஸ்தூரியம்மா. மீன் விற்றுவிட்டுக் காலிக் கூடையோடு ஞாயிறுதோறும் அந்தச் சந்து வழியாகத்தான் வீடு திரும்புவாள். கூடையை இறக்கிவைத்துவிட்டு முதலில் என் பக்கம் குனிந்தாள், பிறகு உன் பக்கம் போனாள். உன் பக்கத்தில் நின்றுகொண்டே கொண்டைப் பூவைச் சரிசெய்தாள்.

"ரைட்டரு, உன் சைடு இன்னா மப்பா கீது? போட்டோக்காரர் சைடுல என் மூக்குத்திகூட தெரியுது."

"ரெண்டும் ஒரே மெஷின்தான்மா" என்றேன்.

"மெஷினு ஒண்ணுதான். மூஞ்சி இதுலதான நல்லா கீது."

அன்றிலிருந்து ஞாயிறுதோறும் அவள் பூவைச் சரிசெய்வது உன் பக்கத்தில்தான். நான் அவள் வருவதற்கு முன்பே என் பக்கத்தை மறுபடி மறுபடி போட்டேன். பசையை மாற்றினேன், பேடை மாற்றினேன். நீ உன் பாதியை அதற்குப் பிறகு தொடவே இல்லை. கழுவியபின் ஒரு துணியால் மெழுகு தடவுவாய், அவ்வளவுதான். படிக்கட்டில் டீயோடு உட்கார்ந்து நான் வியர்ப்பதைப் பார்ப்பாய். எனக்கு வேண்டியிருந்தது ஒன்றே ஒன்று. ஒரே ஒரு தடவை, நீ பார்த்துக்கொண்டிருக்கும்போது, அந்த அம்மாள் என் பக்கத்தில் குனிய வேண்டும்.

அது நடப்பதற்குள் நீ போய்விட்டாய். மார்வலி என்று சொல்லி ஆட்டோவில் ஏறியவன் ஆஸ்பத்திரி வாசலில் இறங்கவில்லை. உன் அடக்கத்துக்கு வந்தவர்கள் உன் படங்களைப் பற்றிப் பேசினார்கள். இரும்பு மார்க்கெட் படத்தை இரண்டு பேர் சொன்னார்கள். பக்கத்தில் நின்ற என்னிடம் ஒருவர், "அப்ப கூட யாரோ ரிப்போர்ட்டர் போனாரே" என்றார். நான் தலையாட்டினேன்.

அதற்குப் பிறகும் ஞாயிறுகளில் நான் கல்மண்டபம் வருவதை நிறுத்தவில்லை. ஃபிலோமினா கொட்டகையைப் பூட்டாமல் வைத்திருந்தாள். டீயும் வரும். நான் என் பாதியை மட்டும் போட்டேன். உன் பாதியை வெறுமனே கழுவினேன், மெழுகுகூட வைக்கவில்லை. இரக்கமோ மரியாதையோ காரணம் என்று நீ நினைத்துக்கொள்ள வேண்டாம். நீ இல்லாதபோது அது மங்கட்டும் என்று விட்டேன். மழை வந்தது, வெயில் வந்தது, எண்ணூர்ச் சாம்பல் எப்போதும்போல் வந்தது.

போன மாதம் பாபு கடைக்குப் போனபோது, பெயின்ட்டின் கனத்தை அளக்கும் ஒரு சின்னக் கருவியைப் புதிதாக வாங்கியிருந்தான். காட்டுவதற்காக என் பானட்டில் அங்கங்கே வைத்துப் பார்த்தான். வலது பக்கம் வைத்தவன் முகம் சுருங்கி, மறுபடி வைத்தான்.

"சார், இந்தப் பக்கம் இனிமே மெஷினே வெக்காதீங்க. மேல்பூச்சு தேய்ஞ்சு தேய்ஞ்சு காயிதம் மாதிரி ஆயிடுச்சு. இன்னொரு தபா போட்டீங்கன்னா பெயின்ட்டு கையோட வந்துரும்."

"அந்தப் பக்கம்?"

இடது பக்கம் வைத்துப் பார்த்தான். "அதுல பெருசா ஒண்ணும் எடுக்கல சார். கம்பெனில இருந்து வந்தா மாதிரியே கீது. அது யாரு போட்டது?"

பாலிஷ் என்பது பூசுவது அல்ல, எடுப்பது. கீறலின் ஆழம் வரைக்கும் மேல்பூச்சைச் சீவி எடுப்பது. எனக்கு அது தெரியும், எழுத்தில் படித்திருந்தேன். நீ தேவைக்கு மேல் ஒரு துளியும் எடுக்கவில்லை. அதிகம் எடுக்காமலேயே மூக்குத்தியைக் காட்டினாய். திரும்பி வரும் வழியில், செத்தவனைப் பார்த்து இத்தனை எரிச்சல்படும் ஆள் இந்த ஊரில் வேறு யாராவது இருப்பார்களா என்று யோசித்துக்கொண்டே ஓட்டினேன்.

போன ஞாயிறு அது நடந்தது. கஸ்தூரியம்மா வழக்கம்போல் உன் பக்கம் குனிந்தாள். கண்ணைச் சுருக்கினாள். புடவைத் தலைப்பால் ஒரு துடை துடைத்தாள். பிறகு சுற்றி வந்து என் பக்கத்தில் நின்று பூவைச் சரிசெய்தாள்.

"உன்னுது பரவால்ல ரைட்டரு இப்போ" என்று சொல்லிவிட்டுக் கூடையை எடுத்துக்கொண்டு போனாள்.

எத்தனை காலம் காத்திருந்தேன் அந்த ஒரு வார்த்தைக்கு. என்னை அறியாமல் படிக்கட்டைத் திரும்பிப் பார்த்தேன். அங்கே ஃபிலோமினா டீ டம்ளரோடு நின்றிருந்தாள். நடந்ததை அவளும் பார்த்திருந்தாள்.

"இன்னாண்ணா, கெலிச்சிட்டியா?"

"ம்."

"அவரு இருந்தா ஒத்துக்கினு இருக்க மாட்டாரு. டேப்பை எடு, இன்னொரு தபா பாத்துக்கலாம்னு இருப்பாரு." டம்ளரைக் கையில் கொடுத்தாள். "டீ ஆறிடும், குடி."

ஆளில்லாத பந்தயத்தில் ஓடியதுபோல் இருந்தது. நீ தோற்றது எனக்குத் தெரிந்தது. உனக்குத் தெரியவில்லையே. நீ தோற்று, அதற்கு ஒரு கிண்டல் சொல்லி, நான் அதற்குப் பதில் தேட வேண்டாமா?

இந்த ஞாயிறு, இன்று காலை, நான் டேப்பை எடுத்தேன். நடுவில் ஒட்டினேன். இந்தத் தடவை வேலை உன் பாதியில். இரும்பு மருந்து அடித்தேன், உன் பக்கம் ஊதாவாக ஒழுகியது. பசை வைத்து மெஷினை இறக்கினேன். கை அழுந்தும்போதெல்லாம் மார்க்கர் கோடு நின்றது. நான் கையைத் தளர விட்டேன், கோடு மறைந்தது. ஒரு கைக்குட்டை அகலத்துக்கு உன்னைப்போலவே நேரம் எடுத்துக்கொண்டேன். முட்டி வலிக்கக் குனிந்து, தாடையைக் கிட்டக் கொண்டுபோய், தெருமுனை வெளிச்சத்தில் பார்த்தேன். இன்னும் கொஞ்சம் போடலாம் என்று தோன்றிய இடத்தில் நிறுத்தித் துடைத்தேன்.

கஸ்தூரியம்மா வந்தாள். கூடையை இறக்கினாள். யோசிக்கவே இல்லை, நேரே உன் பக்கம் போனாள். பூவை எடுத்து, மறுபடி வைத்து, மூக்குத்தியைத் திருகிப் பார்த்துக்கொண்டாள்.

"இன்னா சொல்லு ரைட்டரு, போட்டோக்காரர் சைடு சைடுதான்."

"அது நான் போட்டதும்மா" என்ற வார்த்தை நாக்கு வரைக்கும் வந்தது. எழுத்தில் எப்போதும் யார் சொன்னது, யார் செய்தது என்று துல்லியமாகக் குறிப்பவன் நான். படிக்கட்டிலிருந்து ஃபிலோமினா என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் சொல்லவில்லை. கையை விட்டதும் நிறுத்தியதும் மட்டும்தான் நான் செய்தது. பளபளத்தது நீ எடுக்காமல் விட்டுவைத்த கனம்.

திருவொற்றியூர் வரும் வரைக்கும், கண்டெய்னர் லாரிகளுக்கு நடுவில், உன் பாதியில் மேகமும் மின்கம்பியும் தெளிவாக நகர்ந்துகொண்டே வந்தன. என் பாதியிலும் நகர்ந்தன, கொஞ்சம் மப்பாக. என் பக்கத்தில் இனி மெஷின் வைக்க முடியாது. இந்தக் கார் இருக்கும் வரைக்கும் நீதான் முன்னால் இருப்பாய்.

வயிறு எரிகிறது. நீ இடது சீட்டில் தூங்கிக்கொண்டு வந்த நாட்களில் எரிந்ததைப் போலவே.