டில்லியின் சாம்பல்

மே 6, புதன்
காலை ஏழுக்கே வெயில் கொளுத்துகிறது. மொட்டைமாடிக் கூண்டைக் கழுவினேன்.

எதிர்மாடிக்காரன் டில்லியின் புறா நேற்றும் ஆறு மணி நேரம் வானத்தில். சாம்பல் நிறம், பெயரும் சாம்பல். கல்மண்டபம் ஏரியா முழுக்க அதே பேச்சு. அது என் கூண்டில் பொரிந்த குஞ்சு. தேறாது என்று போன வருஷம் நானே தூக்கிக் கொடுத்தேன். ஒருத்தனாவது அதைச் சொல்கிறானா?

என் புறாக்கள் அரை மணியில் இறங்கிவிடுகின்றன. நிறுத்துப் பார்த்தேன். வெள்ளைப் பெட்டை 260 கிராம். தை மாதம் 330. தீனி அதே கம்பு, அதே சோளம்.

பெண்டாட்டி ஸ்டெல்லா கத்தினாள்: "அரிசி நிறுக்கிற தராசுல புறாவா? வூட்டைக் கலீஜ் பண்ணாதய்யா!"

மே 8, வெள்ளி
பெட்டையைக் கால்நடை டாக்டரம்மாவிடம் காட்டினேன். இறக்கை நரம்பில் ஒரு சொட்டு ரத்தம் எடுத்தார். ரத்தத்தில் ஒட்டுண்ணி. இறகுக்குள் ஒளிந்து ஓடும் தட்டை ஈ கடித்துப் பரப்புகிறதாம். ரத்தம் குறையும், எடை குறையும், மூச்சு வாங்கும். வலுவான புறா பல மாதம் வெளியே காட்டாதாம். மாத்திரை, ஈக்கு மருந்து. பறக்க விடக் கூடாது.

"பக்கத்துல யாராவது புறா வச்சிருந்தா உடனே சொல்லிடுங்க" என்றார்.

தலையாட்டினேன்.

மே 9, சனி
தெருவில் இரண்டு முறை டில்லி. சாம்பலைத் தோளில் வைத்து செல்ஃபி. அடுத்த ஞாயிறு, எந்தப் புறா அதிக நேரம் வானத்தில் நிற்கும் என்று பந்தயமாம். நோய் விஷயத்தைச் சொல்லவில்லை.

மே 12, செவ்வாய்
சாம்பல், இறகைச் சிலிர்த்துக்கொண்டு சுவரில் உட்கார்ந்திருந்தது. "வெயிலுக்கு அப்டித்தான் மாமு" என்றான் டில்லி. எனக்குத் தெரியும், வெயில் இல்லை. ஒரு நிமிஷம் மனசு குளிர்ந்தது. எழுதவே கூச்சம். ஆனால் குளிர்ந்தது.

மே 16, சனி
தாங்கவில்லை. போனேன்.

"டில்லி, சாம்பலுக்கு ரத்தத்துல நோவு கீதுன்னு தோணுது. நாளைக்கு வுடாத. டாக்டராண்ட காட்டு."

சிரித்தான். "இன்னா மாமு, பந்தயத்துக்கு மொத நாளு வந்து சொல்றே? உன் வவுத்தெரிச்சல் எனுக்குத் தெரியாதா?"

டாக்டரம்மா சொன்ன எட்டாம் தேதியே சொல்லியிருந்தால் நம்பியிருப்பான்.

மே 17, ஞாயிறு
சர்ச்சில் பூசைக்குப் போகவில்லை. மாடியில் நின்றேன். ஆறு மணிக்கு டில்லி ஏற்றிவிட்டான். ஏழரைக்கே சாம்பல் தாழ்ந்தது. எட்டுக்கு முன் தண்ணீர்த் தொட்டி ஓரமாகப் பொத்தென்று விழுந்தது. மற்றவர்களுடைய புறாக்கள் எல்லாம் இன்னும் மேலே.

டில்லி அதை நெஞ்சோடு அணைத்து என் படி ஏறி வந்தான். வாயைத் திறந்து மூச்சு வாங்கியது. நிறுத்தேன். 240.

"பொழைக்குமா மாமு?"

பெரிய ஆள், தேம்பித் தேம்பி அழுகிறான். உடனே டாக்டரம்மாவுக்குப் போன் போட்டேன்.

மே 23, சனி
சாம்பல் பிழைத்துக்கொண்டது. இனி பந்தயம் கிடையாது என்றுவிட்டார் டாக்டரம்மா.

மாலை டீக்கடை. டில்லி என் தோளில் கை போட்டு எல்லோரிடமும்: "மாமு மொத நாளே வூட்டாண்ட வந்து சொல்லிச்சு. நான்தான் கேக்கல. தங்கமான மனுசன்!"

டீ வாங்கிக் கொடுத்தான். குடித்தேன்.